பன்னாட்டுப் பண்பாட்டு ஆய்வுக் கருத்தரங்கம் ஒன்றை நடத்திய அனுபவம்

திருநெல்வேலி மாவட்டத்தில் நான் பணியாற்றும் கல்லூரியில், பண்பாட்டு ஆய்வுகள் குறித்து மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்தும் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு எனக்கு வந்தபோது, முதல்வரிடம் நான் முதலில் கேட்டுப் பெற்றது கட்டுரைகளின் எண்ணிக்கையைத் துறையே முடிவு செய்துகொள்ளும் உரிமையை. நூற்றைம்பது, இருநூறு கட்டுரைகளை ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாக்கித் தொடக்க விழா மேடையிலேயே வெளியிடுவது, கட்டுரையாளருக்கு ஐந்து நிமிடம் கொடுப்பது, மதிய உணவு முடிந்ததும் சான்றிதழ் வழங்கி அனுப்பிவிடுவது என்ற வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. இதற்காகக் கட்டுரையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் அவர்களிடம் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேட்டு, மறுத்து, திருத்தி வளர்க்க இடமில்லாத கூட்டத்தில் பண்பாட்டு ஆய்வுக்கு எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் பண்பாட்டு ஆய்வுக்கென ஒரு மையத்தைத் தொடங்குவதற்கு முன்பே, அவரும் இத்துறையின் மற்றொரு முன்னோடியான ரேமண்ட் வில்லியம்ஸும் முதியோர் கல்வி வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர்கள். அந்த வகுப்பறை விவாதங்கள் அவர்கள் எழுத்துக்கு உரமாயின. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவில் உறுப்பினர்கள் கட்டுரை வாசித்து விவாதித்தார்கள். 1969இல் அவர் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் அந்தச் சூழலில் வளர்ந்தது. அந்த மரபு இருந்த ஊருக்கு அருகில் நடக்கும் கருத்தரங்கில் விவாதத்துக்கு நேரம் ஒதுக்குவது எங்கள் கடமை என்று நினைத்தோம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையும் பருவத் தேர்வும் முடிந்திருக்கும், ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கோயில் கொடை விழாக்கள் இன்னும் தொடங்கியிருக்காது என்பதால் பிப்ரவரி என்று முடிவு செய்தோம்.

உண்மையில் எங்கள் உழைப்பில் பெரும் பகுதி அனுமதிகளுக்கே சென்றது. வெளிநாட்டுப் பேராளர்களை நேரில் அழைப்பதென்றால், நடத்தும் நிறுவனம் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியையும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு அனுமதியையும் பெற வேண்டும். அவற்றைக் காட்டித்தான் அவர்கள் கருத்தரங்க விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற சில நாடுகளின் குடிமக்களுக்குத் தனியாகப் பாதுகாப்பு அனுமதியும் தேவைப்படுகிறது. சுற்றுலா விசாவில் வந்து கட்டுரை வாசித்துவிட்டுப் போகலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. விருந்தினராக வருபவரை அப்படியொரு இக்கட்டில் நிறுத்த எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. விண்ணப்பத்தில் பேராளர் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு விவரமும் நிகழ்ச்சி நிரலும் கேட்கப்படுவதால், வெளிநாட்டுக் கட்டுரையாளர்களின் தேர்வை உள்நாட்டுத் தேர்வுக்கு வெகு முன்னதாகவே முடித்துவிட வேண்டும். ஒரு கருத்தரங்கம் நடத்த எண்ணுபவருக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை யோசனைகளில் இதுதான் முதன்மையானது. அறிவிப்பு மடலிலேயே இரண்டு கடைசித் தேதிகளை அச்சிட்டுவிடுவது நல்லது.

நிதியிலும் சட்டம் குறுக்கிட்டது. ஓர் அயல்நாட்டு அறக்கட்டளை உதவ முன்வந்தது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனங்களே அத்தகைய நன்கொடையைப் பெற முடியும். அதுவும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் பணம் வர வேண்டும். எங்கள் கல்லூரிக்கு அந்தப் பதிவோ அனுமதியோ இல்லை. ஆகவே தங்கள் நாட்டு ஆய்வாளர்களின் விமானச் செலவை அந்த அறக்கட்டளையினரே நேரடியாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். மீதிச் செலவுக்கு ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் நல்கையும் (மானியமும்) கல்லூரி நிர்வாகத்தின் நிதியும் கிடைத்தன. நல்கையில் ஒரு பகுதி கணக்கு ஒப்படைத்த பின்புதான் வரும் என்பதால், அந்தத் தொகையை நிர்வாகம் முன்பணமாகத் தர ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

வழிபாடு, உணவு, புலம்பெயர்வு என்ற மூன்று பொருள்களில் கட்டுரை கேட்டிருந்தோம். வந்த ஆய்வுச் சுருக்கங்களில் பெயரையும் கல்லூரியையும் நீக்கிவிட்டு, வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவர் இருவராகப் படித்தார்கள். சுருக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறதா, அதற்குக் களத்திலிருந்தோ ஆவணத்திலிருந்தோ சான்று திரட்டியிருக்கிறாரா என்ற இரண்டை மட்டுமே பார்க்கச் சொன்னோம். “தமிழர் பண்பாட்டில் விருந்தோம்பல்” என்று சங்கப் பாடல் வரிகளை அடுக்கிய சுருக்கங்கள் ஏராளம். தன் ஊரில் ஆடிக் கொடைக்கு வெட்டும் கிடாயின் கறி எந்தக் குடும்பத்துக்கு எந்த வரிசையில் பங்கிடப்படுகிறது என்று எழுதிய முதுகலை மாணவியின் சுருக்கம் ஒன்றுதான். எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்தச் சுருக்கத்தை இரு மதிப்பீட்டாளர்களும் ஒருமனதாகத் தேர்ந்தார்கள். தேர்வாகாதவர்களுக்கு ஒற்றை வரியில் மறுப்பு அனுப்பக் கூடாது என்று முடிவெடுத்து, எந்தக் கேள்வியைச் சேர்த்தால் கட்டுரை வலுப்படும் என்று ஒவ்வொருவருக்கும் சில வரிகள் எழுதினோம். கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். மறுப்புக் கடிதமும் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து பாமினி எழுத்துருவிலும், இங்கிருந்து வானவில் எழுத்துருவிலும் கட்டுரைகள் வந்தன. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும்போது இடையிலிருந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் மூலத்தின் பி.டி.எஃப். படியுடன் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் படித்தவர்கள் எங்கள் முனைவர் பட்ட மாணவர்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் இருபது நிமிடம் வாசிப்பும் பத்து நிமிடம் விவாதமும் ஒதுக்கி, ஒரே நேரத்தில் நடக்கும் இணை அமர்வுகளைத் தவிர்த்தோம். அதற்கு ஈடாகத் தொடக்க விழாவை ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. வாழ்த்துரைகளைக் குறைத்ததும் பொன்னாடைகளை நிறுத்தியதும் சிலருக்கு வருத்தமளித்தன. ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து, அவர்கள் அமர்வுத் தலைவராக இருந்து விவாதத்தை நடத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் இசைந்தார்கள்.

எனக்கு மிகுந்த நிறைவளித்தது இரண்டாம் நாள் காலை அமர்வு. நாட்டார் கலைஞர்களை மாலையில் ஆடச் சொல்லிக் கைதட்டி அனுப்புவது கருத்தரங்க மரபாகவே ஆகிவிட்டது; பகலெல்லாம் அவர்கள் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாம். ஆகவே சுடலைமாடன் கோயில்களில் மகுடம் என்ற தோற்கருவியை இசைத்து, கதை பாடி ஆடும் கணியான் கூத்தை நிகழ்த்தும் குழுவின் மூத்த கலைஞரை மையக்கருத்துரை வழங்க அழைத்து, பேராசிரியர்களுக்குரிய அதே மதிப்பூதியத்தையும் தங்குமிடத்தையும் அளித்தோம். தணிக்கையில் கேள்வி வரும் என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். சிறப்புரையாளர் என்ற தலைப்பிலேயே ஒப்புதல் பெற்றோம். மகுடத் தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி சேர்ப்பது முதல், கொடையில் எந்த நேரத்தில் எந்தக் கதையைப் பாட வேண்டும் என்பது வரை அவர் விளக்கினார். பிரான்சிலிருந்து வந்த ஆய்வாளர், கூத்தில் பெண் வேடமிடுவோரைப் பற்றித் தாம் படித்திருந்ததை முன்வைத்து வினவியபோது, “அது படிச்சவங்க எழுதினது, ஆடினவங்ககிட்ட கேட்டு எழுதினதில்லைங்க” என்று தொடங்கி அவர் சொன்ன விடை, ஒதுக்கிய நேரத்தைத் தாண்டியும் நீண்டது. அமர்வுத் தலைவர் அதை நிறுத்தவில்லை. அடுத்து வாசிக்க வேண்டிய யாழ்ப்பாணத்து விரிவுரையாளரே எழுந்து, தம் கட்டுரையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

கருத்தரங்கம் முடிந்தபின் கணக்கறிக்கையும், நல்கை உரிய வகையில் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பி, எஞ்சிய நல்கை வரும்வரை தொடர்ந்து நினைவூட்டல் எழுதினோம். தொகுப்பு நூலை நாங்கள் அவசரப்படுத்தவில்லை. விவாதத்தில் எழுந்த கேள்விகளைக் குறிப்பெடுத்துக் கட்டுரையாளர்களுக்கு அனுப்பி, திருத்தி எழுதித் தந்தவர்களின் கட்டுரைகளை மட்டும் இப்போது பதிப்பித்து வருகிறோம். கணியான் கூத்துக் கலைஞரின் உரையை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, அவர் வீட்டுக்கே சென்று படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்ன பகுதிகளை நீக்கியிருக்கிறோம்; நூலில் அவர் பெயர் ஆசிரியராகவே இடம்பெறும்.