பல் ப்ளீச்சிங்: அன்று தெரிந்த வெண்மையும் தங்கிய வெண்மையும்

நீல விளக்கு வைத்துப் பல்லை வெண்மையாக்கிக்கொண்டேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள் தாங்கும்?" நாற்காலியை விட்டு எழுந்ததும் கண்ணாடியில் தெரிந்த நிறத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லவே கூடாது. குறைந்தது இரண்டு வாரம் போக வேண்டும்.

மருத்துவர் முதலில் சொத்தை, விரிசல், ஈறு வீக்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கிளீனிங். என் முன்பல்லில் ஒரு பழைய ஃபில்லிங் உண்டு. "இது வெளுக்காது. பக்கத்துல இருக்கிற பல்லெல்லாம் வெளுத்ததும் இது மட்டும் தனியாத் தெரியும், மாத்த வேண்டி வரும்" என்றார். கேப், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) போட்டவர்களுக்கும் இதே நிலைதான். ஃபில்லிங்கை உடனே மாற்றவும் முடியாது. ப்ளீச்சிங்குக்குப் பிறகு பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன், புது ஃபில்லிங் சரியாக ஒட்டவிடாது. அதற்கும் அந்த இரண்டு வாரம்தான் கணக்கு.

நிறத்தை ஒப்பிட, வெவ்வேறு நிறத்தில் உள்ள மாதிரிப் பற்களைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தார்கள். உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கவ்வி, ஈறு வெந்துபோகாமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு, கண்ணுக்குக் கண்ணாடி. அப்புறம் ஜெல், விளக்கு. சுமார் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பழைய ஜெல்லை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவினார்கள். வலி என்று பெரிதாக இல்லை. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கடுத்துப்போனது.

விளக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்டேன். அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வேலை செய்வது ஜெல்தான். கிளினிக்கில் பயன்படுத்தும் ஜெல்லில் பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். அது எனாமலைத் தாண்டி உள்ளே போய், கறையின் நிறமூலக்கூறுகளை உடைக்கிறது. விளக்கு வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், நாள் போகப் போகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் விளக்கின் சூட்டிலும், வாய் திறந்தே இருப்பதாலும் பல் உலர்கிறது. உலர்ந்த பல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். எச்சிலில் ஊறி ஈரம் திரும்பியதும் அந்தக் கூடுதல் வெள்ளை போய்விடும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. முதல் வாரத்திலேயே பளபளப்பு சற்று இறங்கியது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அன்றிரவு வந்த கூச்சம்தான் கடினமாக இருந்தது. எதையும் சாப்பிடாமல் குடிக்காமல் சும்மா படுத்திருக்கும்போதே பல்லுக்குள் சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல இருக்கும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டைத் தடவிக்கொண்டேன், ஓரிரு நாளில் அடங்கிவிட்டது. ஏற்கெனவே பல்கூச்சம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தோம். முதல் நாள் அளவுக்கு இல்லை, ஆனாலும் பழைய நிறத்துக்கும் இதற்கும் நல்ல வித்தியாசம். ஃபில்லிங்கையும் இந்த நிறத்துக்கே பொருத்திப் போட்டார்கள். ஓராண்டுக்கு மேல் அந்த நிறம் பெரிதாக மாறவில்லை, பிறகு மெல்ல மஞ்சள் ஏறத் தொடங்கியது. டீ, காபி, புகைப்பழக்கத்தைப் பொறுத்து சிலருக்குச் சில மாதங்களிலேயே மங்கும், சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகூடத் தாங்கும். சிறுவயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் சாம்பல் நிறம் ஏறிய பல்லுக்கு ஒரே அமர்வு போதாது, மாதக்கணக்கில் ஆகும்.

மஞ்சள் ஏறியதும் நான் மறுபடி விளக்குக்குப் போகவில்லை. என் பல் அளவுக்கே செய்த டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, மருத்துவர் சொன்னபடி சில இரவுகள் போட்டுக்கொண்டேன். அதிலிருந்து வெளிவருவது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். மெதுவாகத்தான் வெளுத்தது, ஆனால் கூச்சம் மிகக் குறைவு.