வில்லியர்ஸைக் கரிவாயுவில் ஓட்டியது: நாசிலில் கட்டிய கண்ணாடி

பெரியபட்டினம் தென்னந்தோப்பில் கிடந்த மண்ணெண்ணெய் வில்லியர்ஸ் எஞ்ஜின் ஒருவழியாக, கருவேலங்கரியைக் குறைந்த காற்றில் எரித்து எடுக்கும் வாயுவில் நிற்காமல் ஓடுகிறது. பவர் பாதிதான், கம்ப்ரெஷன் குறைந்த எஞ்ஜினில் அதுவே பெரிசு. வாயு மெதுவாக எரியும் என்பதால் இக்னிஷனைப் பத்து டிகிரி முன்னால் தள்ளியாச்சு. காற்றும் வாயுவும் ஏறக்குறைய சரிபாதி.

மல்லுக்கட்டு எல்லாம் கரி எரியும் உலைக்குள் காற்று விடும் குழாயான நாசிலில்தான். கொஞ்ச நேரம் ஓடியதும் மூச்சு முட்டி நிற்கும்; கழற்றினால் வாயில் பச்சையாகக் கண்ணாடிக் கட்டி. சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மூட்டக்கரியில் மண் ஒட்டாமல் வராது, மூட்டத்தை மூடுவதே மண்ணால்தானே. நாசில் முன்னால் 1,200 டிகிரிக்கு மேல் சூடு. மணலும் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் சேர்ந்து அங்கே உருகிவிடுகின்றன. டீக்கடை அடுப்புக்கு இதே கரி பிரமாதம்.

மூட்டையின் அடிக்கரியை ஒதுக்கிவிட்டு இரண்டு சல்லடையில் விட வேண்டும். 20 மி.மீ. சல்லடையில் நிற்பதை உடைக்கணும். பெரிய துண்டுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு கீழே பொந்து விழும். 8 மி.மீ. சல்லடையில் இறங்குவது தூளும் மணலும், அது வேண்டாம். தட்டினால் கணீரென்று கேட்காத பழுப்புத் துண்டு வேகாத கரி. அதன் தார் வால்வுத் தண்டில் பிசினாய் ஒட்டும்.

கடற்காற்றில் திறந்து கிடக்கும் சாக்கு ஈரம் இழுக்கும். எடை ஏற்றத் தண்ணீர் தெளிக்கிற வியாபாரியும் உண்டு. 500 கிராமைத் தோசைக்கல்லில், புகையாத சூட்டில் உலர்த்தி நிறுங்கள். 450க்குக் கீழே போனால் அந்த மூட்டையை வெயிலில் கொட்டணும். காய்ந்த கரியை மூடிபோட்ட டிரம்மில் வைத்து, நாசில் காற்றில் மட்டும் நீரைச் சொட்டவிட்டால் ஹைட்ரஜன் கூடும், நாசிலும் உருகாது.

இத்தனை பார்ப்பது சிலிண்டருக்குள் எரிவதால்தான். வெளியே எரியும் ஸ்டெர்லிங் எஞ்ஜினுக்குப் பனைமட்டையும் சரி. வழுதூர் மின் நிலையத்துக் கேஸ் டர்பைன் மாதிரியானவை நேர் எதிர்: எரிவாயுவிலோ காற்றிலோ வரும் சோடியம் கந்தகத்தோடு சேர்ந்தால் பிளேடையே அரித்துவிடும்.

கொட்டகைக்குள் ஓட்டவே கூடாது, இந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு இருக்கிறது.

அடுத்து வல்லத்து டீசல் எஞ்ஜினில் கால்பங்கு டீசல், மீதி வாயு என்று ஓட்டும் யோசனை. ஆனால் துணி பில்டருக்குப் பின்னால் போடவேண்டிய எண்ணெய் தோய்த்த ஃபோம் இன்னும் மாட்டவில்லை. சரியான தடிமன் ராமநாதபுரம் கடைகளில் சிக்கவில்லை.