கடிதமா, தட்டையா, பார்சலா: தபால் கையாளும் செலவை அளக்கும் வேலை

ஒரு கடிதத்தைக் கையாள என்ன செலவாகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் எல்லாருக்கும் முதலில் கை போவது தராசுக்குத்தான். பிழையும் அங்கேதான் தொடங்குகிறது. தபால் துறையின் செலவில் பெரும்பங்கு சம்பளம். சம்பளம் கிராம் கணக்கில் போவதில்லை, மணிக்கணக்கில் போகிறது. அதனால் ஊழியரின் நேரத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும்: அந்த நிமிடம் அவர் கையில் என்ன இருந்தது, அதன் வடிவம் என்ன, எடை என்ன. தராசு வருவது அதற்குப் பிறகு.

வடிவம் என்று சொல்வது பொதுவாக மூன்று: சாதாக் கடிதம், பெரிய தட்டை உறை (பத்திரிகை, விலைப்பட்டியல் எல்லாம் இதில் அடங்கும், சுருக்கமாகத் தட்டை), பார்சல். இவற்றின் எல்லை கண்பார்வைக்கு விடப்படுவதில்லை, மெஷின் எதை விழுங்கும் என்பதை வைத்து வகுத்தது. அமெரிக்காவில் கடிதம் என்றால் அதிகபட்சம் 6⅛ × 11½ அங்குலம், கால் அங்குலத் தடிமன், 3.5 அவுன்ஸ் எடை. தட்டைக்கு 12 × 15 அங்குலம், முக்கால் அங்குலம். பிரிட்டனில் ராயல் மெயில் கடிதத்துக்கு வைத்தது 240 × 165 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமன், 100 கிராம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் சிறிய கடிதமும் 5 மில்லிமீட்டர், 100 கிராம்தான். 3.5 அவுன்ஸ் என்பதும் 99 கிராம் சொச்சம். எடையில் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கடித மெஷின் சிக்காமல் ஓடக்கூடிய எல்லை ஏறக்குறைய அதுவே.

அளவு சரியாக இருந்தாலும் வடிவம் காலை வாரும். சதுர வாழ்த்து அட்டை நல்ல உதாரணம். அதன் நீள அகல விகிதம் 1. அமெரிக்க விதிப்படி 1.3க்கும் 2.5க்கும் இடையில் இருந்தால்தான் மெஷினில் போகும். கடிதங்களை நிமிர்த்தி, முகத்தை ஒரே பக்கம் திருப்பும் மெஷினுக்கு எது நீளப்பக்கம் என்று தெரிய வேண்டும். சதுர அட்டையில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. அது முகவரி பக்கவாட்டில் இருக்க உள்ளே போய், படிக்கப்படாமல் வெளியே வந்து, கையால் பிரிக்கும் மேசைக்குப் போகிறது. உள்ளே பேனா வைத்த உறை, கொக்கி வைத்த உறை, வளையாத அட்டை வைத்த உறை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எடை 20 கிராம்தான் இருக்கும். செலவோ கைவேலைச் செலவு. எடையை மட்டும் பார்க்கிற கணக்கில் இந்தச் செலவு எங்கேயும் தெரியாது.

நேரத்தை அளக்க எல்லார் பின்னாலும் கடிகாரத்தோடு நிற்க முடியாது. அதனால் மாதிரி எடுக்கிறோம். அமெரிக்கத் தபால் துறையின் இன்-ஆபீஸ் காஸ்ட் சிஸ்டம் செய்வது இதைத்தான்: ஊழியர் பட்டியலிலிருந்து ஒருவரையும் ஒரு நேரத்தையும் குலுக்கல் முறையில் எடுத்து, அந்த நொடியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பதிவது. ஒரு பதிவில் இருக்க வேண்டியவை: எந்தப் பிரிவு, எந்த மெஷின் அல்லது மேசை, கையில் தபால் உண்டா இல்லையா, உண்டென்றால் வடிவம், சேவை வகை, எடை.

கேட்க எளிது. களத்தில் தடுமாறும் இடங்கள் உண்டு. முதலாவது, காத்திருக்கும் ஆசை. குறித்த நேரம் 10.42, அப்போது ஊழியர் வெறுங்கையோடு நடந்துகொண்டிருக்கிறார். பதிவெடுப்பவர் "இதோ எடுக்கப்போகிறார்" என்று அரை நிமிடம் பொறுத்து, அவர் தொட்ட கடிதத்தை எழுதிவிடுகிறார். தப்பு. வெறுங்கை என்பதும் ஒரு பதிவு. இப்படிக் காத்திருந்தே எடுத்தால் காலி ட்ரே தள்ளுவது, மெஷின் ரிப்பேருக்காக நிற்பது எல்லாம் கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

இரண்டாவது, கையில் ஒன்றல்ல, ஒரு ட்ரே முழுக்க இருக்கிறது. இதற்கு மேலே இருப்பதை எடுக்கும் விதி இருக்கிறது: ட்ரேயிலோ கட்டிலோ வரிசையின் முதல் தபாலை எடுத்து அதையே அளந்து எழுத வேண்டும். நடுவிலிருந்து "சராசரியாகத் தெரிகிற" ஒன்றை உருவக் கூடாது, ஏனென்றால் கண்ணுக்குச் சராசரியாகத் தெரிவது உண்மையில் சராசரியாக இருக்க வேண்டியதில்லை. மெஷினுக்கு ஊட்டும் இடத்தில் நிற்பவர் என்றால் எதை எடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். இடத்துக்கு இடம் மாறினால் பதிவுகளை ஒன்றோடொன்று சேர்க்க முடியாது. கூண்டு வண்டியில் பலவும் கலந்திருந்தால் எந்த வகை எத்தனை பங்கு இடத்தை அடைக்கிறது என்று பதிவது வழக்கம்.

மூன்றாவது, ஷிப்ட். தபால் பிரிக்கும் வேலையில் பெரும்பகுதி மாலைக்குப் பிறகும் விடிவதற்கு முன்பும் நடக்கிறது. மாலையில் வந்து விழுவது ஒரு கலவை, விடியற்காலையில் பட்டுவாடா வரிசைக்கு அடுக்கப்படுவது வேறு கலவை. இரவு நேரத்துக்குச் சம்பளமும் கூடுதல். பகல் ஷிப்டில் மட்டும் பதிவெடுத்துவிட்டு வந்தால் வடிவக் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும்.

பதிவுகள் வந்த பிறகு அவற்றை மொத்தச் சம்பளத்தோடு இணைக்க வேண்டும். ஊழியர் எந்த வேலைக்குக் கார்டு தேய்த்தாரோ அந்த வேலையின் கணக்குத் தலைப்பில் அவர் நேரம் விழும்: கடித மெஷின், தட்டை மெஷின், பார்சல் மெஷின், கைப்பிரிப்பு, ஏற்றி இறக்குதல். கடித மெஷினில் கார்டு தேய்த்தவரை 11 மணிக்கு மேற்பார்வையாளர் பார்சல் பக்கம் அனுப்பிவிடுவார். மறுபடி தேய்க்க யாருக்கும் நேரமிருக்காது. ஓடிய தபாலை அந்தத் தலைப்பில் எழுதிய ஊழியர் நேரத்தால் வகுத்து, ஒரு மணிக்கு இத்தனை தபால் என்ற வேகத்தைப் போட்டுப் பார்த்தால் இது வெளியே வந்துவிடும். மணிக்கு 30,000 ஓட்டும் மெஷின் 90,000 ஓட்டியதாகக் காட்டினால் அங்கே வேலை செய்தவர்களின் நேரம் வேறெங்கோ எழுதப்பட்டிருக்கிறது. 4,000 என்று காட்டினால் வேறெங்கோ வேலை செய்தவர்கள் இங்கே எழுதப்பட்டிருக்கிறார்கள். இரண்டையும் சராசரியில் கரைத்துவிடாமல் தனியே எடுத்து வைப்பது நல்லது.

பங்கிடும் கணக்கை ஒரு கற்பனைத் தலைப்பில் போட்டுப் பார்க்கலாம். தட்டை மெஷினின் வருடச் சம்பளம் 10 லட்சம், பதிவுகள் 500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதிவின் மதிப்பு 2,000. இதில் 260 பதிவில் தனித் தபால் தெரிகிறது: 234 தட்டை, 20 கடிதம், 6 பார்சல். 60 பதிவில் கலப்பு ட்ரே. 180 பதிவில் கையில் ஒன்றுமில்லை. வழக்கமான முறை, தெரிந்த 260இன் விகிதத்திலேயே மீதி 240ஐயும் பிரித்துவிடுவது. அப்படிச் செய்தால் தட்டைக்கு 9 லட்சம், கடிதத்துக்குச் சுமார் 77,000, பார்சலுக்குச் சுமார் 23,000.

இங்கே நின்று பார்க்க இரண்டு விஷயங்கள். பார்சலின் 23,000 வெறும் 6 பதிவின் மேல் நிற்கிறது. பதிவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்தால் அந்த எண் முன்பின் எவ்வளவு ஆடும் என்று உத்தேசமாகத் தெரியும்: 6 பதிவுக்கு 40 சதவீதம், 100க்கு 10 சதவீதம், 400க்கு 5. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு பதிவு வேண்டும். பதிவெடுக்கக் கூடுதல் ஆள் வேண்டும் என்று கேட்கும்போது நிர்வாகத்திடம் இதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். மற்றது அந்த 180. வெறுங்கை நேரத்தை அதே தலைப்புக்குள் பிரிப்பதா, நிலையம் முழுவதற்கும் பரப்புவதா? கணக்குப் பார்வையில் சின்னக் கேள்வி, பணப் பார்வையில் பெரியது. கடித மெஷின் பெருகப் பெருக, அங்கே வேலையில்லாமல் போனவர்களின் வெறுங்கை நேரம் கைப்பிரிப்புப் பக்கமும் தட்டைப் பக்கமும் போய் ஒதுங்கிவிட்டது, அதற்கு எங்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகை நிறுவனங்கள் கட்டண விசாரணைகளில் வாதாடியிருக்கின்றன. அந்த வாதம் முழுக்கச் சரியோ இல்லையோ, அலட்சியம் செய்யக்கூடியது அல்ல.

பட்டுவாடாப் பக்கம் வடிவத்தின் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அமெரிக்க நகரத் தபால்காரர் தன் பீட்டுக்குரிய தபாலை அடுக்குப் பலகையில் செருகுவதற்கு வைத்திருக்கும் பழைய அளவுகோல், நிமிடத்துக்கு 18 கடிதம் அல்லது 8 தட்டை. அதாவது ஒரு தட்டைக்கு ஆகும் நேரத்தில் இரண்டேகால் கடிதம். மெஷினே வீட்டு வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டால் கடிதத்துக்கு அந்தச் செருகல் நேரமும் மிச்சம். தட்டைக்கு அந்த வசதி பல இடங்களில் இல்லை. தெருவில் இறங்கிய பிறகு கணக்கு மாறும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரம் பையில் 1 கடிதம் இருந்தாலும் 5 இருந்தாலும் ஒன்றுதான். அதை எந்த வடிவத்தின் தலையிலும் கட்டக் கூடாது. பெட்டியில் போடும் நேரம் வேறு. பெட்டிக்குள் நுழையாத பார்சலுக்கு வண்டியை நிறுத்தி, வாசல்வரை போய், மணி அடித்து, திரும்பி வரவேண்டும். அது முழுக்கப் பார்சல் செலவு. அமெரிக்காவின் 2006 சட்டம் சொல்வதும் இந்த ரீதியில்தான்: நம்பகமாகக் காட்டக்கூடிய காரணத் தொடர்பு இருந்தால் மட்டுமே ஒரு செலவை ஒரு சேவையின் பெயரில் எழுதலாம்.

இப்போது எடை. பதிவுகளை எடை வரிசையில் அடுக்கி ஒரு கோடு போட்டால் எடை கூடக்கூடச் செலவு ஏறுவது அழகாகத் தெரியும். அந்தக் கோட்டை நம்பக் கூடாது. 20 கிராமில் இருப்பவை ஏறக்குறைய எல்லாம் கடிதம்; 250 கிராமில் இருப்பவை எல்லாம் தட்டையும் பார்சலும். எடை ஏறுவதுபோல் தெரிவதில் பெரும்பகுதி வடிவம் மாறுவதுதான். முதலில் வடிவத்தைப் பிரித்து, ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் தனித்தனியாகக் கோடு போட வேண்டும். அப்போது கடிதத்தின் கோடு ஏறக்குறையப் படுத்துவிடும். இரண்டு தாள் வைத்த உறையும் நாலு தாள் வைத்த உறையும் மெஷினில் ஒரே வேகத்தில்தான் போகின்றன. எடை அதிகமான படிகளில் (எடையைப் பிரித்த அடுக்குகளில்) கோடு குதிப்பதும் தாழ்வதும் தெரிந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம். அங்கே பதிவு பத்தோ பன்னிரண்டோதான் இருக்கும். பக்கத்துப் படிகளைச் சேர்த்துவிடுவதே வழி.

எடையின் பெயரில் உண்மையில் வேலை செய்வது பல நேரம் தடிமன். உறை இரண்டு மடங்கு தடித்தால் ஒரு ட்ரேயில் பாதிதான் நிற்கும். ட்ரே தூக்குவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் ஒரு தபாலுக்கு இரட்டிப்பாகும். லாரியிலும் அப்படித்தான், இடம் அடைவதுதான் செலவு. எடை எல்லையைத் தொடுவதற்கு முன்பே லாரி நிரம்பிவிடும். அதனால் இறக்கும் இடத்தில் எந்தத் தபால் எவ்வளவு இடத்தை அடைத்து வந்தது என்று தனியே மாதிரி எடுக்கிறார்கள். விமானத்தில் மட்டும் பெரும்பாலும் எடைக்கே பணம், அங்கே தராசு சொல்வதுதான் நேர் கணக்கு.

இந்தக் கணக்கு கட்டணத்துக்குள் வந்ததை இரண்டு இடத்தில் காணலாம். ராயல் மெயில் 2006 ஆகஸ்டில் எடையோடு அளவையும் சேர்த்துக் கட்டணம் வகுத்தது. அமெரிக்காவில் 2007 மே மாதத்தில் கடிதத்தின் முதல் அவுன்ஸுக்கான கட்டணம் 39 சென்டிலிருந்து 41 ஆனது. ஆனால் ஒவ்வொரு கூடுதல் அவுன்ஸும் 24 சென்டிலிருந்து 17 ஆக இறங்கியது. அதே ஒரு அவுன்ஸ் தட்டையாக வந்தால் 80 சென்ட், பார்சலாக வந்தால் 1.13 டாலர். அதுவரை வடிவத்தின் சுமையைக் கூடுதல் அவுன்ஸ் சுமந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு தபாலுக்கான செலவு என்பது ஒரு வகுத்தல். மேலே செலவு, கீழே எண்ணிக்கை. இரண்டும் இரண்டு வேறு கூட்டம் திரட்டியவை, சேதம் அதிகம் நடப்பது இங்கேதான். செலவுப் பதிவெடுப்பவர் அளவுகோலை வைத்துப் பார்த்து 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறையைத் தட்டை என்று எழுதுகிறார். அதே உறை கடிதக் கட்டணம் செலுத்தி வந்ததால் வருமானக் கணக்கில் கடிதமாக எண்ணப்பட்டிருக்கிறது. தட்டையின் செலவு கூடி, எண்ணிக்கை குறைந்து, ஒரு தட்டைக்கான செலவு இரண்டு பக்கமும் வீங்குகிறது. மொத்தத் தபாலில் அப்படிப்பட்டவை சிறு பங்குதான். ஆனால் தட்டையாகப் போகும் எடை குறைந்த தபால்களே கொஞ்சம் என்பதால் அந்த எடைப் படியில் ஒரு தபாலுக்கான செலவு நம்பவே முடியாத இடத்துக்குப் போய்விடும். ஒரு படியின் செலவு அதற்கு அடுத்த கனமான படியைவிட இரண்டு மடங்கு என்று வந்தால் களத்துக்குப் போகும் முன் இரண்டு பக்கத்தின் வரையறையையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு எதிர்த் திசையிலிருந்தும் ஒருமுறை வருவது உண்டு. மெஷின் வேகம், எத்தனை முறை ஓட்டம், படிக்கப்படாமல் திரும்புவது எத்தனை சதவீதம், மணிச்சம்பளம் என்று பொறியியல் கணக்கு போட்டு ஒரு தபாலின் செலவைக் கட்டி, பதிவுவழி வந்த செலவோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. கடிதத்தில் வித்தியாசம் சின்னதாக இருக்கும். தட்டையில் பெரிதாக வந்தால், ஒரு பெருக்கெண்ணைப் போட்டு மூடிவிடுவது வழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன் மெஷினுக்கு வெளியே, கட்டு அவிழ்க்கும் மேசையில் ஒரு ஷிப்ட் நின்று பார்ப்பது நல்லது. அவிழ்வதற்கு முன்பே பையில் உடைந்து சிதறிய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கும் நேரம் எந்த மெஷினின் வேகக் கணக்கிலும் எழுதப்பட்டிருக்காது.