அன்ஸ்டாட் அலைக்காக

பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங்குக்காக அக்டோபரில் அன்ஸ்டாட் போகிறேன். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, மலைகளும் கடலும் சூழ்ந்த குட்டிக் கிராமம் அது. சிட்னியில் சர்ஃபிங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரண்டு கடலோடிகள், 1963-இல் தாங்களே பலகை செய்து இங்கே அலையேறினார்களாம். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

பெரிய அலைகள் குளிர்காலத்தில்தான். ஆனால் டிசம்பரில் பெரும்பாலான நாட்கள் சூரியனே எழாது. எனக்கு வெளிச்சம் வேண்டும். அதனால்தான் அக்டோபர். வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தில் கடல் உறையாது என்றாலும், தடித்த வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை), கையுறை, காலுறை, தலைமூடி எல்லாம் கட்டாயம்.

நார்வேயின் போடோ நகரிலிருந்து லோஃபோட்டனில் உள்ள மோஸ்கெனெஸுக்குக் கப்பல், அப்புறம் கார். முதல் நாள் பலகையைத் தொடப்போவதில்லை. பாறைகள் எங்கே இருக்கின்றன, அலை எந்த இடத்தில் உடைகிறது என்று கரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.