குளச்சல் கப்பல் மாடல்: பாய்மரம் நிறுத்திப் பெயர்ச் சீட்டு கட்டும் கட்டம்

உடல் முடிந்தது, இப்போது மரம், பருமல் (பாய் தொங்கும் குறுக்குக் கட்டை), பாய். அளவு 1:100. மரங்கள் தேக்குச் சட்டத்தில் சீவியவை. உச்சிப் பருமல்களுக்குத் தென்னை ஈர்க்கே போதும். மேல் துண்டு மரமான டாப்மாஸ்டை, அடித் துண்டான லோயர் மாஸ்டுக்கு முன்பக்கமாக நிறுத்த வேண்டும். பின்னால் வைத்து ஒட்டிய மாடல்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன.

பெயருக்கு முதலில் மரம், பிறகு அடுக்கு. முன்னால் ஃபோர், நடுவில் மெயின், பின்னால் மிஸ்ஸன். நாலாவது இருந்தால் ஜிகர். கீழிருந்து கோர்ஸ், டாப்செயில், டாப்கேலன்ட், ராயல். சேர்த்துச் சொன்னால் மெயின் டாப்கேலன்ட். மிஸ்ஸனின் அடிப் பருமல் மட்டும் க்ராஸ்ஜாக். கப்பல்காரர் வாயில் க்ரோஜிக். பல கப்பல்களில் அதில் பாய் கிடையாது, மேலே உள்ள டாப்செயிலின் கீழ் மூலைகளை இழுத்துக் கட்டத்தான் அது. மாடலிலும் வெறுமனே விடலாம்.

முக்கோணப் பாயில்தான் சீட்டு மாறிப்போகும். ஃபோருக்கும் மெயினுக்கும் இடையே தொங்குவதை ஃபோர் என்று எழுதிவிடுவார்கள். அது ஏறும் கயிறான ஸ்டே தாங்குவதோ மெயின் டாப்மாஸ்டை. கயிற்றின் மேல்முனை எந்த மரத்திலோ, பெயரும் அதனுடையதே: மெயின் டாப்மாஸ்ட் ஸ்டேசெயில்.

ஆண்டை முடிவுசெய்யாமல் சீட்டு எழுதக் கூடாது. 1741 குளச்சல் போர்க் காலத்து டச்சுக் கப்பல் என்றால் ஒவ்வொரு மரத்திலும் டாப்செயில் ஒன்றே, பெரியது. அதை லோயர், அப்பர் என்று இரண்டாக்கும் வழக்கம் 1850களுக்குப் பிறகு பரவியது. பாதி அளவுப் பாயைச் சுருட்டக் குறைந்த ஆளே போதும். 1741இல் மிஸ்ஸனில் சாய்ந்த பருமலில் தொங்கும் லத்தீன் பாய், ஸ்பாங்கர் என்னும் நாற்கோணப் பாய் பிற்பாடு. மூக்குமரமான பவ்ஸ்பிரிட்டுக்கு அடியில் ஸ்பிரிட்செயிலும் வேண்டும். உதயகிரிக் கோட்டையில், அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வேகக் கப்பலான கிளிப்பரின் படத்தை வைத்து ஆறடுக்குப் பாய் மாட்டினால் கப்பல் நூறு வருஷம் தள்ளிப்போய்விடும்!

கயிறு பருத்தி நூல். ஈரம் பட்டால் முறுக்கு நூல் சுருங்கும், காய்ந்தால் தளரும். பங்குனி வெயிலில் விறைப்பாகக் கட்டிய ஸ்டே, ஆனிச் சாரலில் மெல்லிய ராயல் மரத்தை முன்னால் வளைத்துவிடும். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன்மெழுகு கிடைக்கும். நூலை மெழுகுக் கட்டிமேல் இரண்டு முறை இழுத்து, விரல் சூடேற நீவினால் மெழுகு உள்ளே இறங்கும். முன் ஸ்டேயையும் பின் ஸ்டேயையும் ஜோடியாகவே இறுக்கவும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் மரம் சாயும்.

சீட்டைப் பாயில் ஒட்ட வேண்டாம். மெல்லிய துணியில் பசை கறையாக ஊறும். பருமலின் நுனியில் நூலால் கட்டினால் போதும்.