நூல்கண்டு வண்டி ஓடிவிட்டது

கையில் கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளே செய்து விளையாடிய பழைய பொம்மைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம் என்று இறங்கி மூன்று வாரம் ஆகிறது. பேட்டரி கூடாது, புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. இந்த இரண்டும்தான் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

முதல் வாரம் பொத்தான் சுழலி. பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்று, ஒன்றரை மீட்டர் நூல், அவ்வளவுதான். நாலு துளைப் பொத்தானில் அடுத்தடுத்த துளைகளில் நூலைக் கோத்தேன், தள்ளாடியது. மூலைக்கு மூலை கோத்ததும் ஆட்டம் நின்றது. இரு முனையிலும் விரலை மாட்டி இருபது, முப்பது சுற்று முறுக்கி இழுத்தால் 'விர்ர்' என்று பாடுகிறது. இழுக்க எல்லாருக்கும் வரும். விடத்தான் பழக வேண்டும். ஓசை உச்சத்துக்குப் போகும்போது கையைத் தளர்த்தினால், சுழலும் வேகத்திலேயே நூல் மறுபக்கமாக முறுக்கிக்கொள்ளும். ஓசை அடங்கியதும் மறுபடி இழுக்கலாம். தலைமுடிக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகக் கூடாது, சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சுழலியின் தத்துவத்தை வைத்துத்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் மின்சாரமே இல்லாமல் ரத்தத்தைப் பிரிக்கும் காகிதக் கருவியைச் செய்து 2017-இல் வெளியிட்டார்கள். அது நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும். கையில் பொத்தானைப் பிடித்திருக்கும்போது இதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

இரண்டாம் வாரம் முழுக்க நூல்கண்டு வண்டிதான். நூல் தீர்ந்த மரக்கட்டை உருளை, ரப்பர் பேண்ட், அரைத் தீக்குச்சி, பென்சில், ஒரு துண்டு மெழுகுவர்த்தி. ரப்பர் பேண்டை உருளையின் துளைக்குள் விட்டு, ஒரு பக்கம் தீக்குச்சியில் மாட்டி டேப் போட்டு ஒட்ட வேண்டும். மறுபக்கம் பென்சிலில் மாட்டி, பென்சிலின் ஒரு முனை தரையைத் தொடுமளவு நீட்டிவிட வேண்டும். பென்சிலைச் சுற்றி முறுக்கேற்றித் தரையில் வைத்தால், முறுக்கு அவிழப் பார்க்கும். பென்சிலைத் தரை தடுக்கும், அதனால் உருளை உருளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் வைத்த வண்டி நகரவே இல்லை. பென்சில் மரத்தோடு மரமாக இறுகிப் போயிருந்தது. மெழுகு எதற்கு, அது இல்லாமலே ஓடட்டும் என்று விட்டதுதான் தப்பு. சரி என்று மெழுகுவர்த்தியில் அரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை அறுத்தேன். முதல் வில்லை கத்தி பட்டதுமே உடைந்தது. கத்தியை வெந்நீரில் முக்கி அறுத்ததும் வெண்ணெய் மாதிரி வந்தது. நடுவில் இருந்த திரியை உருவி எடுத்தால், ரப்பர் நுழைய ஓட்டை தயார். வில்லையின் மேல் முகத்தில் பென்சில் படுக்க ஒரு சின்னப் பள்ளமும் கீறிவிட்டேன். இப்போது பென்சிலோடு வில்லையும் சேர்ந்து திரும்பியது, மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு.

முப்பது சுற்று முறுக்கி வைத்தேன். அரை நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மெல்ல ஒரு அசைவு. ஆமை நடையில், நிதானமாக, மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போனது. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிதானத்தைக் கொடுப்பது அந்த மெழுகு வில்லைதான். மொத்த விசையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

அடுத்த நாள் ஒரு புத்தகத்தைச் சாய்த்து மேடு ஏற விட்டேன். உருளை வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. விளிம்பைச் சுற்றிப் பல்சக்கரம் போல வெட்டுகள் போட்டதும் ஏறிவிட்டது. வெட்ட மனமில்லாதவர்கள் விளிம்பில் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினாலும் பிடிமானம் கிடைக்கும். துளைக்குள் போகும் ரப்பர் பேண்ட் உருளையின் நீளத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பது நல்லது. தொளதொளவென்று இருந்தால் முறுக்கும்போது முடிச்சு விழுந்து துளைக்குள் அடைத்துக்கொள்கிறது.

மூன்றாம் வாரம் தாமட்ரோப். அட்டை வட்டத்தின் ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் பறவை. இருபுறமும் நூல் கட்டிச் சுழற்றினால் பறவை கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். 1825-இல் லண்டனில் ஜான் அயர்டன் பாரிஸ் என்ற மருத்துவர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நான் அட்டையைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோலத் திருப்பி வரைந்துவிட்டேன், சுழற்றினால் பறவை தலைகீழாகத் தொங்கியது. நூல் இடம் வலமாக இருப்பதால் அட்டை மேல் கீழாகத்தான் புரளும். கூண்டை வரைந்ததும் காலண்டர் தாளைத் தூக்குவதுபோல் கீழ் ஓரத்தை மேலே தூக்கிப் புரட்டி, அப்படியே பறவையை நேராக வரைந்தால் சரியாக வரும்.

இப்போது மேசை மேல் நாடா கோத்த ஆறு கட்டைகள் கிடக்கின்றன. மேல் கட்டையைத் திருப்பினால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுவதுபோல் தெரியும் பொம்மை அது. ஓர நாடாக்கள் இரண்டும் ஒரு முகத்தில், நடு நாடா எதிர் முகத்தில் போக வேண்டும். நாலு கட்டை வரை ஓடுகிறது, ஐந்தாவதில் நாடா இறுக்கமாக ஒட்டியதால் சிக்குகிறது. பசையைப் பிரித்துத் தளர்த்தி ஒட்டிக் காய வைத்திருக்கிறேன்.