20 பைட்டில் ஒரு காப்பு நகல்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையிலும் மரத்திலும் உறைந்த ரப்பர்) வாங்கி விற்கும் கடை ஒன்றின் கணக்கு மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்று, கடைக்கு வரும் சரக்கும் குறைந்துவிடும் என்பதால், சர்வரில் செய்ய வேண்டிய வேலைகளை அந்த நாள்களுக்கு ஒதுக்கி வைப்பது என் வழக்கம். அப்படியொரு மழைநாளில் அந்தக் கடையின் ஒன்பது ஆண்டுக் கணக்கை என் கையாலேயே அழித்தேன்.

கணக்கு இருந்தது லினக்ஸில் ஓடும் மைஎஸ்க்யூஎல் 5.5 என்ற தரவுத்தள மென்பொருளில். அந்தப் பழைய பதிப்பில் அமைப்பை நாமாக மாற்றாவிட்டால் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதி) அட்டவணைகளின் தரவு முழுவதும் ‘ஐபிடேட்டா1’ என்ற ஒரே கோப்புக்குள் போய்ச் சேரும். உள்ளேயுள்ள பதிவுகளை நீக்கினாலும் அந்தக் கோப்பு சிறுக்காது. அதற்கு வளர மட்டுமே தெரியும். வட்டு நிறையப் போவதைப் பார்த்துவிட்டு, முன்பு எப்போதோ வேறொரு கோப்புறையில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியை நீக்கலாம் என்று உட்கார்ந்தேன். திரையில் கட்டளை தட்டும் சாளரங்களான டெர்மினல்கள் இரண்டு திறந்திருந்தன. ஒன்று பழைய பிரதி இருந்த இடத்திலும், மற்றொன்று கடை அன்றாடம் பயன்படுத்தும் தரவு இருந்த இடத்திலும் நின்றன. ‘ஐபி’ என்று தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் நீக்கும் ஆர்எம் கட்டளையை இரண்டாவதில் தட்டிவிட்டேன். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைந்திருந்ததால் அது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

தவறு உடனே தெரியவில்லை. எவ்வளவு இடம் மிச்சமானது என்று பார்க்க டிஎஃப் கட்டளையை ஓட்டியபோதுதான், பதினோரு ஜிபி நீக்கியும் வட்டில் ஒரு எம்பிகூடக் காலியாகாதது கண்ணில் பட்டது. வயிற்றைக் கலக்கியது அந்த நொடியில்தான். ஆனால், நம்பிக்கை ஒளிந்திருந்ததும் அதே எண்ணில்தான்.

லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஆர்எம் கட்டளை கோப்புறையிலிருந்து பெயரை மட்டுமே எடுக்கிறது. அந்தக் கோப்பை ஏதேனும் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும்வரை அதன் ஐநோடும் (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பு) தரவும் வட்டில் அப்படியே இருக்கும். ரேஷன் அட்டையில் பெயரை வெட்டிவிட்டார்கள், ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்பதுபோல. மைஎஸ்க்யூஎல் சர்வர் அந்தக் கோப்புகளை விடாமல் பிடித்துக்கொண்டு, எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் பிடி விட்டுப் போகும்; பிறகு தரவும் இல்லை.

அதற்குள் கல்லாவில் இருந்த தங்கச்சிக்கு என் முகம் சரியில்லை என்று புரிந்துவிட்டது. “அண்ணே, சிஸ்டத்த ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?” என்று கேட்டுக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். நான் போட்ட கூச்சலில் வெளியே தராசில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எந்தக் கோளாறுக்கும் நாம் முதலில் சொல்லிப் பழக்கிய வைத்தியம் அதுதான் என்பதால் அவளைக் குறை சொல்ல முடியாது.

முதலில் பில் போடுவதை நிறுத்தச் சொன்னேன். சர்வர் இன்னும் கேள்விக்குப் பதில் தந்துகொண்டிருந்ததால், தரவை உரைக் கோப்பாக எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் நிரலைக் கொண்டு முழுத் தரவையும் வெளியே எடுத்தேன். அதே வட்டில் எழுதாமல் யுஎஸ்பி வழியாக இணைத்த வேறொரு வட்டில்தான் எழுதினேன்; நீக்கிய கோப்பு பிடித்திருக்கும் இடம் இன்னும் விடுபடாததால் அங்கே எழுத இடமும் இல்லை. அடுத்து, அட்டவணைகளைப் படிப்பதற்கு மட்டும் திறந்து வைக்கும் பூட்டைப் போட்டு, மாறியும் இன்னும் வட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் தேங்கிய பக்கங்களின் வரம்பைச் சுழியமாக்கி, அவையெல்லாம் கோப்பில் எழுதப்படும்வரை காத்திருந்தேன். இன்னோடிபியின் நிலை அறிக்கையில் பதிவு வரிசை எண்ணும் கடைசிச் சோதனைப்புள்ளியின் (எதுவரை வட்டில் எழுதியாயிற்று என்பதன்) எண்ணும் ஒன்றாகும் வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

அதன்பின், ஓடும் நிரல்களின் விவரத்தை லினக்ஸ் காட்டும் ‘ப்ராக்’ கோப்புறைக்குள் மைஎஸ்க்யூஎல்லின் செயல்முறை எண்ணைத் தேடி, அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டும் ‘எஃப்டி’ உள்கோப்புறையைப் பார்த்தேன். நீக்கப்பட்டது என்ற குறிப்போடு ஐபிடேட்டா1-உம் இரண்டு லாக் கோப்புகளும் அங்கே எண்களாக நின்றன. அந்த எண்களைச் சாதாரண சிபி கட்டளையால் யுஎஸ்பி வட்டுக்குப் பிரதியெடுக்கத் தொடங்கியதும் மின்சாரம் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினோரு ஜிபி ஏறி முடிய ஆறு நிமிடம் ஆயிற்று. அது முடிந்த பிறகே சர்வரை முறைப்படி நிறுத்தி, கோப்புகளைப் பழைய இடத்தில் பழைய பெயரில் வைத்து, உரிமையாளரை மைஎஸ்க்யூஎல் பயனருக்கு மாற்றி, மின்சாரம் வந்ததும் மறுபடி ஓடவிட்டேன். காலையில் போட்ட முதல் பில்லும் இருந்தது.

சர்வர் ஏற்கெனவே நின்றிருந்தால் கதை வேறு. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, நீக்கும்போது தரவு எங்கே இருக்கிறது என்னும் குறிப்பையும் ஐநோடிலிருந்து துடைத்துவிடுகிறது. அப்போது வட்டை உடனே கழற்றி, முழுவதையும் அப்படியே ஒரு பிம்பக் கோப்பாக நகலெடுத்து, அதில் 16 கேபி அளவுள்ள இன்னோடிபி பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பக்கமும் தன் எண்ணைத் தலைப்பில் சுமந்திருப்பதால் அது முடியாத காரியம் அல்ல. ஆனால் வேறு எதுவும் அதன்மேல் எழுதப்படாமல் இருக்க வேண்டும். நீக்கிய இடத்தைத் தானே காலி செய்துவிடும் டிரிம் வசதி இயங்கும் எஸ்எஸ்டி வட்டு என்றால் அந்த ஆசையும் வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு, இரவு நகல் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. டம்ப் ஓடிய நேரத்தில் அந்தக் கோப்புறையைத் திறந்தேன். நாள்தோறும் ஒரு கோப்பு, தேதி தவறாமல் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிசிப் என்ற சுருக்கும் நிரல் சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. மாதங்களுக்கு முன் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றிய நான், ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். டம்ப் தோற்றாலும், ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் கட்டளைக் குழாயின் கடைசியில் இருக்கும் ஜிசிப் வெற்றி என்று சொல்லிவிடும். குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போடாதவரை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லும் அந்தப் பொய்யையே நம்பும்.

என் வெட்கத்தைக் கொஞ்சம் குறைத்தது நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தின் அனுபவம். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் கோப்புறையை நீக்கினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. டம்ப் நிரலின் பதிப்புப் பொருந்தாமல் அவர்களுடைய நகல்களும் சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) கைகொடுத்தது. இதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். நானும் அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது ஸ்கிரிப்ட் நகலின் அளவை முந்தைய நாளோடு ஒப்பிடுகிறது. கோப்பின் கடைசி வரியில் டம்ப் நிறைவு பெற்றதைச் சொல்லும் குறிப்பு இல்லையென்றால் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. இரண்டு வட்டுகள் மாறி மாறி நாகர்கோவிலுக்கு என் பையில் வருகின்றன. 2017 ஒக்கிப் புயலில் மரங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. நகலும் சர்வரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. எப்போதும் இணைத்தே கிடக்கும் வட்டைக் கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் சேர்த்தே பூட்டிவிடும் என்பது இன்னொரு காரணம்.

சனிக்கிழமைதோறும் வீட்டிலுள்ள பழைய கணினியில் நகலை மீட்டு, முந்தைய நாள் வாங்கிய ஆர்எஸ்எஸ் 4 தர ரப்பர் ஷீட்டின் மொத்த எடையைக் கூட்டி, முதலாளியைத் தொலைபேசியில் அழைக்கிறேன். அவர் கைப்பட எழுதும் நோட்டைப் பார்த்து ஒப்பிடுவார். முதல் சனிக்கிழமை 42 கிலோ குறைந்தது. “மக்களே, ஒனக்க மெஷின் தின்னுட்டுதோ?” என்றார். இரவு ஏழு மணிக்கு நகல் எடுத்த பிறகு பொன்மனையிலிருந்து வந்த ஒரு ஜீப் சரக்கு அது. நேரத்தை இரவு பதினொன்றுக்கு மாற்றினேன். யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றச் சொன்னேன். இரண்டாவது இன்னும் ஆகவில்லை.